தேசிக்காய்க்குப் பழகின கியர்

ஃபாரஸ்ட் கேட்,
வியாழக்கிழமை காலமை.

அன்புத் தங்கச்சி சிவனேஸ்வரிக்கு,

நல்லூரானை நம்பி அக்கா அருமைநாயகி எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே நீயும் உன் மனுஷன் இராஜேந்திரனும் பிள்ளைகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டுமென்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்கிறேன். கோபம் வேறு, விளக்கு வேறு.

உன் பேரன் சயந்தனின் பொன்னுருக்குக் கார்ட் கிடைத்தது. தாலிக்குப் பொன் உருக்குகிற கல்யாணக் காரியத்துக்கு வீடு தேடி வந்து, கார்ட்டைக் கையில் தந்து, வாயால் சொல்வதுதான் எங்கள் முறை. நீ முத்திரை ஒட்டி அனுப்பியிருந்தாய். அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. மனதில் மட்டும் வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். காரில் வருகிறேன்! உன் வீட்டு முன்சாய்வில் நிற்கும் இராஜேந்திரனின் வான் வண்டியை எடுத்து வேறெங்காவது விடச் சொல். வந்த சனத்தையும் வாசலுக்குக் கூப்பிடு. அந்தச் சாய்வில் எங்கள் கார் உதறாமல் ஏறுவதை எல்லோரும் பார்க்க வேண்டும். ஏனென்று நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. உன் புதுவீடு குடிபூரலன்று நான் பலகாரத் தட்டோடு பஸ்ஸில் வந்து, அந்த நோர்பரி மேட்டில் மழைக்குள் ஏறி, மூச்சு வாங்க வாசலில் நிற்க, நீ கத்தரிப்பூச் சேலை உடுத்திக்கொண்டு (பிளவுஸ் பொருந்தவேயில்லை) அத்தனை சனத்துக்கும் கேட்க, "ஐயோ அக்கா, பஸ்ஸிலயோ வந்தனீங்கள்? பாவம், சொல்லியிருந்தா ஆரையும் ஏத்திவர விட்டிருப்பனே!" என்றாய். அந்தப் 'பாவம்' இன்னும் என் தொண்டைக்குள் நிற்கிறது. இனி உன் வாசலை மிதிப்பதென்றால் எங்கள் காரில் வந்து இறங்கித்தான் என்று அன்றைக்கே வைரவருக்கு முன்னால் சொல்லிவிட்டேன்.

என் பேத்தி கம்சிகா கார் வாங்கினாளே, அது உனக்குத் தெரிந்திருக்கும், உனக்குக் கதை சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். பழைய கார்தான், ஆனால் ஓட்டோமற்றிக். காலால் மிதிக்கிற கிளச் இல்லை. உள்ளுக்குள் இரண்டு கிளச் இருக்கிறதாம், ஒன்று ஒற்றைப்படைக் கியர்களைப் பிடிக்குமாம், மற்றது இரட்டைப்படைக் கியர்களைப் பிடிக்குமாம், கம்ப்யூட்டர் மூளை ஒன்று இருந்து இரண்டையும் ஆட்டுவிக்குமாம். பிள்ளையைக் கைமாற்றுகிற மாதிரித்தான். விடுகிறவள் பொறுத்து விட வேண்டும், வாங்குகிறவள் முந்தி இழுக்கக் கூடாது. நீயும் நானும் அம்மாவின் தையல் மெஷினுக்கு இழுபட்டதுபோல இரண்டும் ஒரேநேரத்தில் இழுத்தால் கார் உதறும். (மெஷின் உன்னிடம்தான் இருக்கிறது. இருக்கட்டும்.) இந்தக் கார் மெல்லப் போனால் உதறும், மேட்டில் நின்று வெளிக்கிட்டால் சன்னதம் வந்ததுபோல ஆடும். இதில் ஏறி உன் சாய்வில் வந்து எல்லோருக்கும் முன்னால் நான் ஆடினால், அதற்கு பஸ்ஸே மேல் அல்லவா?

வால்தம்ஸ்டோவில் ரயில் பாலத்துக்குக் கீழே கராஜ் வைத்திருக்கும் ராம்கியிடம் கம்சிகா கொண்டுபோனாள். கோயம்புத்தூர் ஆள், நரை விழுந்தும் கலியாணம் இல்லை, ஆனால் கெட்டிக்காரன். காரில் வயர் குத்தி, மற்ற முனையை லாப்டொப்பில் குத்தி, "பாட்டி, கியர்பாக்ஸ் நல்லாத்தான் இருக்கு. சாஃப்ட்வேர் கலிபிரேஷன்தான் சரியில்ல. நான் எழுதித் தர்றேன்" என்றான். கிளச் எப்போது பிடிப்பது, எவ்வளவு இறுக்குவது, எப்போது விடுவது என்று மூளைக்கு எழுதிக் கொடுப்பதுதான் கலிபிரேஷன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எனக்கு விளங்கிற்று. இராஜேந்திரனுக்கு விளங்காவிட்டால் நான் வந்து விளக்குகிறேன்.

எழுதின பிறகு கார் ஓடி ஓடிப் பழக வேண்டும். அவன் ஒவ்வொரு முறையும் திருத்தி எழுதுவான், கம்சிகா கராஜ் முற்றத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து வெளிக்கிடுவாள், நான் பின் சீட்டில் மடியில் ஒரு செம்பு தண்ணீரோடு இருப்பேன். தண்ணீர் தளும்பினால் சொல்வேன். என்ரை செம்பு பொய் சொல்லாது பிள்ளை! ஆனால் எத்தனை முறை எழுதியும் வெளிக்கிடும்போது மட்டும் ஒரு தடக்கு. லாப்டொப்பில் கோடு மலைபோல எழும்புது. ராம்கி தலையைச் சொறிவான். "கிளம்புறப்ப ஏதோ பிடிச்சு இழுக்குது. கிளச்சுக்கு இன்னும் கொஞ்சம் பிரஷர் குடுக்கிறேன்." கொடுத்தான். பிறகும் கொடுத்தான். கொடுத்துக்கொண்டே இருந்தான்.

அப்படியே கடைக்குப் போகலாமென்று ஃபாரஸ்ட் கேட் சந்தியில் சிவப்பு லைட்டுக்கு நின்றோம். பச்சை விழுந்தது. ஐயோ சிவனேசு, கார் ஆட்டுக்கடா மாதிரி ஒரு பாய்ச்சல்! கம்சிகா பிறேக்கை மிதிக்க, செம்புத் தண்ணீர் முழுக்க அவளின் தலையில். முன்னால் நின்ற பஸ்ஸின் முதுகுக்கும் எங்களுக்கும் இடையில் ஒரு பப்படம் செருகலாம், அவ்வளவுதான். நான் "முருகா!" என்றேன். கம்சிகா இங்கிலிஷில் ஒன்று சொன்னாள், அதை நான் எழுத மாட்டேன்.

திரும்பக் கொண்டுபோனோம். ஒயில் ஒழுகுதோ என்று பார்க்க ராம்கி காருக்குக் கீழே படுத்தான். பிறகு ஒரு கை மட்டும் வெளியே வந்தது, அதில் தேங்காய்ச் சிரட்டை.

"பாட்டி, இது என்ன? டயர் பூரா எலுமிச்சம்பழம் ஒட்டியிருக்கு!"

"தேசிக்காய் தம்பி. நாலு சில்லுக்குக் கீழேயும் வைச்சனான். தேசிக்காய் முடிஞ்சாப் பிறகு பாதித் தேங்காய்."

"எப்ப வச்சீங்க?"

"நீ புதுமூளை எழுதுற ஒவ்வொரு தரமும். புதுமூளை போட்டால் புது வாகனம்தானே? நீங்கள் ரெண்டு பேரும் லாப்டொப்பைப் பாத்துக்கொண்டு நிக்கேக்க, வெளிக்கிட வெளிக்கிட வைச்சனான்."

அவன் அப்படியே டயரில் சாய்ந்து இருந்துவிட்டான். "கம்சிகா, நான் இத்தனை நாளா தேங்காய் மேல ஏறுறதுக்கு ட்யூன் பண்ணியிருக்கேன்."

"அம்மம்மா, ஓ மை கோட்! அது ரோட்டில தேங்காயைத் தேடுது!" என்று அவள் கத்தினாள்.

நான் விட்டேனா? "வாகனம் வெளிக்கிடமுதல் தேசிக்காய் நசிய வேணுமெண்டது எங்கட சனம் எல்லாருக்கும் தெரியும். உங்கட மூளைக்குத் தெரியாதெண்டால் அது ஆரின்ர பிழை? அதையும் எழுதிக் குடுங்கோவன்" என்றேன். தேசிக்காய் இல்லாமல் நான் ஏற மாட்டேன் என்று சொல்லி வாளியைக் கவிழ்த்து அதன்மேல் குந்தியிருந்தேன். கடைசியில் ராம்கிதான் வழி சொன்னான். எஞ்சினை நிறுத்தி, அவனும் கம்சிகாவும் பின்னால் நின்று தள்ளி, தேசிக்காய் நசிந்த பிறகு எஞ்சினைப் போட்டு, பழைய பழக்கத்தையெல்லாம் மறக்கடித்து முதலிலிருந்து பழக்கினார்கள். மறக்கடிக்க ஒரு பட்டன் இருக்கிறது, தெரியுமோ? அமத்தினால் எல்லாம் போய்விடும். மனுஷருக்கு அது இல்லாதது நல்லது, இல்லாவிட்டால் நீ செய்ததெல்லாம் ஆர் ஞாபகம் வைத்திருப்பது?

நேற்று கிறிஸ்டல் பலஸ் ஏற்றத்தில் பாதியில் நிறுத்தி, அங்கிருந்து வெளிக்கிட்டுப் பார்த்தோம். செம்பு தளும்பத் தளும்ப நிரப்பியிருந்தேன். ஒரு சொட்டு! ஒரு சொட்டுக் கூடச் சிந்தவில்லையடி! கியர் மாறினது காதுக்குத்தான் தெரிந்தது, உடம்புக்குத் தெரியவில்லை. நான் கைதட்டினேன், அதில்தான் தண்ணீர் ஊற்றுண்டது, அது கணக்கில்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை வானை எடுத்து வைக்கவும். நீ முன்னால் நிற்கவும். கத்தரிப்பூச் சேலை வேண்டாம். மாப்பிள்ளைப் பிள்ளைக்கு என் கொஞ்சல். உருக்குகிற பொன் நல்லபடி உருகி, உன் வீடு நிறைந்து, நீ நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
பஸ்ஸில் வராத உன் அக்கா,
அருமைநாயகி.

பி.கு: இதை எழுதி முடிக்க, காரைக் கடைசியாக ஒருதரம் பார்க்க வைத்திருந்த ராம்கி போன் எடுத்தான். இன்னும் ஸ்மூத்தாக ஒரு வேர்ஷன் இருக்கிறதாம், அதை ஏற்றிப் பார்த்ததில் கார் ரிவேர்ஸில் மட்டும்தான் போகுதாம், அடுத்த கிழமைதான் தருவானாம். கம்சிகா வேலைக்குப் போய்விட்டாள். தபாலில் போட்டால் ஞாயிறுக்கு முதல் வருமென்று நிச்சயமில்லை. உனக்குப் போன் எடுப்பதில்லை என்றும் ஒரு சபதம் இருக்கிறது. அதனால் கடிதத்தைக் கையால் போட நானே வந்தேன். பஸ்ஸில்தான். கடைசியாக ஏறின பஸ் பற்றரி பஸ், கியரே இல்லையாம், டிரைவரைக் கேட்டேன். என்ன சுகமடி, தொட்டில் மாதிரி! இப்போது உன் வாசலில், உன் குப்பைத்தொட்டி மூடிக்கு மேலே வைத்துத்தான் எழுதுகிறேன். போட்டுவிட்டுத் திரும்பிப் போவதாகத்தான் இருந்தேன். ஆனால் கதவில் கடிதம் போடுகிற துளையைத் திறந்தால் மணக்குது. பலகாரத்துக்குப் பயற்றம் மா வறுக்கிறாய், அடிப்பிடிக்குது. அடுப்பைக் குறைச்சுப்போட்டு ஓடிவந்து கதவைத் திற.