நாற்பது கிலோ ஐந்நூற்று எண்பது கிராம்

குந்தவை போட்டிருந்த சினிமா செட்டுக்குள் ஒரு டிராக்டர் நிஜ நெல்லைக் கொட்டிக்கொண்டிருந்தது.

கீழ்வேளூர் பக்கம் ஒரு தரிசில், பத்து நாள் ராப்பகலாகப் பாடுபட்டு அவள் எழுப்பிய நெல் கொள்முதல் நிலையம் அது. சுவரெல்லாம் பிளைவுட். மழைக் காட்சி என்பதால் கூரைக்கு மட்டும் இரும்புக் குழாயும் நல்ல தகரமும் போட்டு, ஆணி அடித்த ஓட்டைகளைக்கூட ஒவ்வொன்றாக அடைத்திருந்தாள். வெளியே மழை கொட்ட, கதாநாயகன் உள்ளே தன்னந்தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். "தரையில ஒரு நெல்லுமணி கிடக்கக் கூடாது" என்று இயக்குநர் ராஜ்குமார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

மூன்று மணிக்கு அவர் வந்து பார்ப்பார். பிடித்தால் டைட்டிலில் 'கலை: குந்தவை' என்று தனியாக ஒரு கார்டு. பிடிக்காவிட்டால், எட்டு வருஷமாகப் பார்த்த அதே அசிஸ்டென்ட் வேலைதான். இப்போது மணி ஏழரை.

"அண்ணே! நிறுத்துங்கண்ணே! என்ன பண்றீங்க?"

டிராக்டரிலிருந்து இறங்கிய நடராசன் தலைத்துண்டை அவிழ்த்துக் கும்பிட்டார். "வணக்கம் மேடம். குறுவை நெல்லு. ரெண்டு நாளு நல்லா காஞ்சது. ஈரப்பதம் பாத்துக்குங்க."

"நான் மேடம் இல்லண்ணே, ஆர்ட் டைரக்டர். இது சினிமா செட்டு!"

"வருஷா வருஷம் ஏதாவது ஒண்ணு சொல்லுவாங்க. போன தடவ சாக்கு இல்லன்னாங்க. இந்தத் தடவ சினிமாவா?"

நடராசன் செட்டைச் சுற்றிப் பார்த்தார். துருப்பிடித்த ஜன்னல் கம்பி, கிழிந்த நாட்காட்டி, மூலையில் வெற்றிலை எச்சில் கறை. "அடேயப்பா! என்னமா இருக்கு!"

"அந்தக் கறையை நான்தாண்ணே பிரஷ்ஷால தெளிச்சேன்!"

"யாரு தெளிச்சா என்ன மேடம், கறை கறைதானே?"

குந்தவைக்குக் கோபம் வந்தது. கூடவே கொஞ்சம் பெருமையும் வந்து தொலைத்தது. எட்டு வருஷத்தில் இப்படி வாயைப் பிளந்து அவள் வேலையை யாரும் பார்த்ததில்லை.

டிராக்டரோடு வந்திருந்த காளியம்மாள் துடைப்பத்தால் நெல்லைக் குவித்துக்கொண்டிருந்தாள். அவள் கறையையும் பார்க்கவில்லை, நாட்காட்டியையும் பார்க்கவில்லை. அண்ணாந்தபடியே ஒரு சுற்று நடந்தாள். ஒரு தூணைத் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி கூட்ட ஆரம்பித்தாள்.

சொன்னால் நம்பாத மனிதருக்குக் காட்டிவிட வேண்டியதுதான் என்று குந்தவை எடை மெஷினுக்கு ஓடினாள். அதன் எண்கள் சிவப்பு ஸ்டிக்கர். மூட்டைக்கு நாற்பது கிலோ, சாக்குக்கு ஐந்நூற்று எண்பது கிராம் என்று விசாரித்து ஒட்டியது.

"பாருங்கண்ணே, மூட்டை வச்சாலும் 40.580. நான் ஏறினாலும் 40.580!"

நடராசன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "மேடம் நேரத்துக்குச் சாப்புடணும். உடம்பு முக்கியம்."

அதற்குள் இன்னும் மூன்று டிராக்டர்கள் வந்துவிட்டன. குந்தவை பெயின்ட்டை எடுத்து, ஒரு பிளைவுட் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதி வாசலில் மாட்டினாள்: 'சினிமா செட். இங்கு நெல் வாங்கப்படாது.'

வரிசையில் நின்றவர்கள் பலகையைப் படித்தார்கள். "பாத்தீங்களா?" என்றார் நடராசன். "இங்கு நெல் வாங்கப்படாதுன்னு போர்டே மாட்டியாச்சு. இனிமே சந்தேகமே இல்ல, இது நிலையந்தான்!"

போன் பறந்தது. பத்தரை மணிக்குப் பதினோரு டிராக்டர். குந்தவைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கடைசி வழியாக, படத்துக்கு அடித்து வைத்திருந்த மஞ்சள் டோக்கன் கட்டை எடுத்தாள்.

"எல்லாரும் டோக்கன் வாங்கிட்டுப் போங்க. செவ்வாய்க்கிழம வாங்க. உங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன்!"

ஆளுக்கொரு டோக்கனை வாங்கிப் பவ்யமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்கள். அப்புறம் மிச்சப் பத்து வண்டியும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வந்து கொட்டின.

"போகச் சொன்னேனே அண்ணே!"

"டோக்கன் குடுத்தா கொட்டிட்டுத்தானே மேடம் போகணும்? அதானே மொற?"

இரண்டு மணிக்கு நெல் அவள் தலைக்கு மேல் நின்றது. திட்டுவதற்காகக் கிட்டே போன குந்தவை திட்ட மறந்தாள். எத்தனையோ படத்துக்கு அவள் நெற்குவியல் செய்திருக்கிறாள். உள்ளே தெர்மாகோல், மேலே பசை போட்டு ஒட்டிய பதர். இதுவோ அம்மாடி! தொட்டால் வெயிலின் சூடு இன்னும் உள்ளே இருந்தது. ஒரு பக்கம் சரிந்தால் மழை பெய்வதுபோல் சத்தம் கேட்டது. எந்த டப்பாவிலும் கிடைக்காத நிறம். இதைச் செய்தவர்களுக்குக் கார்டு போட்டவர் யாருமில்லை. அவள் மணிக்கட்டு வரை கையை உள்ளே விட்டு அப்படியே நின்றாள்.

கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ராஜ்குமாரின் காரும் மழையும் சேர்ந்தே வந்து சேர்ந்தன.

அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். தகரத்தின் மேல் மழை இடித்துத் தள்ள, கீழே தங்கமலையாக நெல். அதைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் கைகூப்பி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், காலி செட்டுதான் கேட்டீங்க, ஆனா..." என்று குந்தவை ஆரம்பித்தாள்.

"பேசாதீங்க." அவர் கண் கலங்கியிருந்தது. "காலி செட்டு யாருக்கு வேணும்? இதுதாங்க சீன். உங்க பேரு தனிக் கார்டுல வரும். ஆமா, இந்த முகங்களையெல்லாம் எங்க புடிச்சீங்க?"

கனவு பலித்துவிட்டது. ஆனால் குந்தவை நெல்லைத்தான் பார்த்தாள். பதினோரு பேர் விளைச்சல் இங்கே கிடக்கிறது. வாங்குவதற்கு ஆளில்லை. அவள் நேராகக் காளியம்மாளிடம் போனாள்.

"அக்கா, உங்களயெல்லாம் ஏமாத்துன மாதிரி இருக்கு. சத்தியமா சொல்றேன், இது நிஜ நிலையம் இல்லக்கா."

காளியம்மாள் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, கூரையைப் பார்த்துச் சிரித்தாள்.

"அது காலையிலயே எல்லாருக்கும் தெரியும் கண்ணு. நெச நிலையத்துல ஏது ஒழுகாத கூரை?"