மூலகாரணத்தின் நைட்ரோ கார்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், சனிக்கிழமை காலை, சாப்பாட்டு மேஜை மீது, பழைய செய்தித்தாள் விரித்து, ஓர் உயர்மட்ட விசாரணை தொடங்கியது. விசாரிக்கப்பட்டது ஒரு கார். நீளம் ஒரு முழம் இருந்தால் அதிகம். விசாரணை அதிகாரி குடும்பத் தலைவர். தோளில் துண்டு, நெற்றிக்கு ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடி, முகத்தில் நாட்டுக்கே பொறுப்பேற்ற களை.

அது பேட்டரியில் கிர்ரென்று ஓடும் பொம்மை இல்லை. உள்ளே எலுமிச்சம்பழ அளவில் நிஜ எஞ்சின். நைட்ரோ எரிபொருளைக் குடித்து, புகை கக்கி, தெருவையே எழுப்பும். கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு ஜம்மென்று ஓட்டலாம். ஸ்டார்ட் ஆனால்.

இயந்திரங்களில் பழுதைக் கண்டுபிடிப்பது எப்படி என்று தொழிற்சாலைகளுக்குப் போய் வகுப்பெடுப்பது அவர் தொழில். எது கெட்டாலும் "மூலகாரணம் என்ன?" என்பார். குழாய் சொட்டினாலும் அதே கேள்வி, பால் பொங்கி வழிந்தாலும் அதே கேள்வி. அதனால் அவருக்கு அமைந்த பெயரே மூலகாரணம். மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். முகத்துக்கு நேரே சொல்லும் உரிமை மனைவிக்கு மட்டும் இருந்தது.

"என்ன மூலகாரணம், ஏதாவது தெரிஞ்சுதா?" என்று டீயை வைத்தாள்.

"சும்மா கிடந்து பிஸ்டன் இறுகிப் போச்சு. உள்ள எண்ணெயெல்லாம் பசையாயிடுச்சு. சூடு காட்டணும். உன் ஹேர் டிரையர் எங்க?"

"அது என் தலைக்கு வாங்கினதுங்க."

"எஞ்சினுக்கும் தலை இருக்கு."

வாதத்தில் அவரை ஜெயித்தவர் இல்லை. ஜெயித்து என்ன, மகளை அந்த வாயால்தான் இழந்தார். ஒரு காலத்தில் இந்தக் காரைக் காலி மனைகளில் ஓட்டி, அப்பாவும் மகளும் முகமெல்லாம் புழுதியாக வீடு திரும்புவார்கள். பிறகு அவள், நாய்களுக்குக் குளிப்பாட்டி முடி திருத்தும் கடை வைத்திருந்த ஒருவனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். "நாய்க்கு முடி வெட்டறதெல்லாம் ஒரு தொழிலா?" என்று இவர் கேட்டார். அவ்வளவுதான். கல்யாணம் இவர் இல்லாமல் நடந்தது. அதற்கப்புறம் அவள் பேசியதெல்லாம் அம்மாவிடம்தான்.

போன வாரம் திடீரென்று போனை அப்பாவிடம் கொடுக்கச் சொன்னாள்.

"நம்ம நைட்ரோ கார் இன்னும் ஸ்டார்ட் ஆகாமத்தான் கிடக்காப்பா?"

"ஆமா."

"அப்ப சனிக்கிழமை நாங்க வர்றோம்."

வேறொருவராக இருந்தால் சந்தோஷத்தில் அழுதிருப்பார். இவருக்கு அது சவாலாகக் கேட்டது. அவள் வந்து இறங்கும்போது கார் வாசலில் உறுமவேண்டும். அந்த உறுமலில் பழைய பேச்செல்லாம் அமுங்கிவிடும் என்று கணக்குப் போட்டார். வாய் திறந்து மன்னிப்புக் கேட்பதைவிட எஞ்சினைப் பழுதுபார்ப்பது அவருக்குச் சுலபம்.

ஹேர் டிரையர் பிஸ்டனை இளக்கியது. இனிமேல் அதைத் தலைக்குப் பக்கத்தில் கொண்டுபோக முடியாது என்பது வேறு விஷயம். எஞ்சினின் உச்சியில் உள்ள பிளக்கைச் சூடாக்க, பேனா மாதிரி ஒரு கருவி உண்டு, இக்னைட்டர் என்பார்கள். அதை மாட்டிவிட்டு, ஸ்டார்ட் செய்யும் கயிற்றைச் சுண்டி இழுத்தார். சத்தமே இல்லை.

"எரிபொருள் பத்தலை" என்று தீர்ப்புச் சொல்லி, புகைக்குழாயை விரலால் அடைத்து மறுபடி மறுபடி இழுத்தார். எஞ்சின் வயிறுமுட்டக் குடித்து, கயிறு அசையாமல் நின்றது. பலத்தையெல்லாம் கூட்டி வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுத்தார். கயிறு தனியாகக் கையோடு வந்தது.

அழைப்பு மணி அடித்தது.

மகள் உள்ளே வந்தாள். அப்பாவைப் பார்த்தாள், கையில் தொங்கிய கயிற்றைப் பார்த்தாள், மேஜையைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. கேலி செய்கிறாள் என்று இவர் நினைத்தார்.

"எஞ்சின் மூச்சு முட்டக் குடிச்சிருக்காப்பா? கவுத்துப் பிடிங்க, பிளக்கைக் கழட்டறேன்."

"கயிறு வேணுமே."

வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த மருமகன் நிமிர்ந்து பார்த்தான். ஷூ லேஸை உருவி நீட்டினான். மாமனாரும் மருமகனும் செய்துகொண்ட முதல் கொடுக்கல் வாங்கல் அது.

லேஸைக் கோத்து, காரைக் கவிழ்த்து இழுத்தார்கள். பிளக் இருந்த ஓட்டை வழியாக எரிபொருள் பீறிட்டு ஜன்னல் திரையை நனைத்தது.

"திரைக்கும் தலை இருக்கா?" என்றாள் மனைவி.

மகள் விழுந்து விழுந்து சிரித்தபடி துணி எடுக்கப் போனாள். அந்த இடைவெளியில்தான் மூலகாரணம், கழற்றிய பிளக்கில் இக்னைட்டரை மாட்டிப் பார்த்தார். கம்பி சிவக்க வேண்டும். இருண்டே கிடந்தது. இக்னைட்டரில் சார்ஜ் இல்லை.

அவர் எடுக்கும் வகுப்பின் முதல் பாடம், 'முதலில் மின்சாரம் வருகிறதா என்று பார்க்கவும்' என்பது.

மனிதர் அசரவில்லை. இக்னைட்டரைத் துண்டுக்குள் மறைத்து, சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜின் பின்னால் குனிந்தார்.

"அங்க என்னங்க பண்றீங்க?"

"தண்ணி குடிக்கறேன்."

"ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடியா?"

அங்கே பிளக் பாயிண்டில் செருகிய இக்னைட்டரில் சார்ஜ் ஏறும்வரை மானத்தைக் காப்பாற்றியாக வேண்டும். "கார்புரேட்டரையும் கழட்டிடலாமாப்பா?" என்று மகள் கேட்டபோது தாராளமாகச் சம்மதித்தார். அவள் கழற்றினாள், இவர் துடைத்தார். கைக்குப் பெரிய வேலை இல்லாததால் வாய் திறந்தது. வேலை எப்படி என்றார். வீடு எப்படி என்றார்.

"நல்லாத்தான் இருக்கு. மழை பெஞ்சா பாத்ரூம் கதவுதான் சாத்த மாட்டேங்குது."

"மரம் ஈரத்துல ஊதும். கீழ்ப்பக்கம் இழைக்கணும்."

"நீங்க வந்து பாருங்களேன்."

"பாக்கலாம், பாக்கலாம்" என்று ஃப்ரிட்ஜ் பக்கம் பார்த்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, திருப்புளியிலிருந்து கண்ணை எடுக்காமல் மருமகனிடம் கேட்டார். "நாயெல்லாம் கடிக்காதா?"

"கடிக்கும் மாமா. பயந்ததுதான் கடிக்கும். கொஞ்ச நேரம் பக்கத்துல சும்மா உக்காந்திருந்தா சரியாயிடும்."

மனைவி இருமினாள்.

"நல்ல தொழில்தான்" என்றார் மூலகாரணம், கார்புரேட்டரைப் பார்த்து.

மகள் அவசரமாகக் குனிந்து கீழே விழாத ஒரு திருகாணியைத் தேடினாள். நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது. "மிச்சத்தை நாளைக்குப் பாத்துக்கலாம்பா. கியரையும் பிரிச்சுப் பாக்கணும், நிறைய வேலை இருக்கு."

நாளைக்கா? அவருக்குச் சுருக்கென்றது. பெண் நம்பிக்கை இழந்துவிட்டாள்! பரபரவென்று எல்லாவற்றையும் பூட்டினார். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போனார், வந்தார். காரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். குடும்பம் பின்தொடர்ந்தது.

ஷூ லேஸை ஒரே இழுப்பு.

எஞ்சின் அலறியது. நீலப்புகை எழுந்தது, எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. கார் தெருமுனை வரை சீறிப் பாய்ந்து, திரும்பி வந்து அவர் காலடியில் நின்றது. ரிமோட்டைக் கோப்பைபோல உயர்த்திப் பிடித்தார்.

"எப்படி? அப்பா விடுவேனா?"

"சூப்பர்ப்பா" என்றாள் மகள். சுரத்தே இல்லை. திருப்புளியைத் திண்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மூலகாரணத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. மருமகன் பக்கம் திரும்பினார். "என்னாச்சு அவளுக்கு?"

மருமகன், மிரண்ட நாய்களிடம் பேசும் அதே தணிந்த குரலில் சொன்னான்:

"இது ஸ்டார்ட் ஆகற வரைக்கும் இங்கேயே இருக்கலாம்னு ஒரு வாரம் லீவு போட்டுட்டு வந்திருக்கா, மாமா."