இஃப் சாமி தூது போனது

ஆங்கில இலக்கணத்துக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். ஐம்பதுகளின் கடைசியில் மட்டாஞ்சேரியில், எங்கள் மிளகுக் கம்பெனியில், கடிதம் எழுதும் குமாஸ்தாவாக இருந்தார். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். கீழே கிடங்கில் சாக்குத் தூக்குகிறவர்கள் முதல் மாடியில் மானேஜர் வரை எல்லோருக்கும் அவர் இஃப் சாமி.

அவர் கணக்கில் 'இஃப்' மூன்று வகை. மழை பெய்தால் குடை பிடிப்பேன் என்பது முதல் இஃப், நடக்கக்கூடியது. நான் ராஜாவானால் பல்லக்கில் போவேன் என்பது இரண்டாவது, நடக்காது, நினைத்துக்கொள்ளலாம். சீக்கிரம் வந்திருந்தால் படகு கிடைத்திருக்கும் என்பது மூன்றாவது. படகு போய்விட்டது, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை. யார் பேசினாலும் அது எந்த இஃப் என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் பதில் சொல்வார்.

ஒருமுறை முதுகில் கட்டி வந்து டாக்டரிடம் போனார். டாக்டர், "இஃப் யூ ஹாட் கம் எர்லியர்..." என்று ஆரம்பித்தார். சாமி மிச்சத்தைக் கேட்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, தன்னை மூன்றாவது இஃப்பில் சேர்த்துவிட்டதாக மனைவியிடம் சொல்லிவிட்டுப் படுத்தார். பாலக்காட்டிலிருந்து மைத்துனர்கள் கடைசியாக முகம் பார்க்க வந்து இறங்கினார்கள். முன்பே வந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது என்றுதான் டாக்டர் சொல்ல வந்தார் என்பது, அவரே வீடு தேடி வந்த பிறகு தெரிந்தது. கட்டியைக் கீறி முடித்ததும் மைத்துனர்கள், வந்ததற்குச் சாப்பிட்டாவது போவோம் என்று இலை முன் உட்கார்ந்தார்கள்.

ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் போய்ச் சொல்வதில்தான் அவரால் பெரிய தொல்லை. ரிப்போர்ட்டட் ஸ்பீச் விதிகளைத் தமிழிலும் விடாமல் கடைப்பிடித்தார். 'நாளை' மறுநாளாகும், 'இங்கே' அங்கேயாகும். ஒருநாள் வெளியே போயிருந்த மானேஜர் டெலிபோனில் பேசினார். சாமி கேட்டுவிட்டு, மிளகு சாம்பிளை உடனே அங்கே கொண்டுவரும்படி அவர் பணித்ததாக எங்களிடம் அறிவித்தார்.

"அங்கேன்னா எங்கே, சாமி?" என்றேன்.

"அவர் இங்கேன்னுதான் சொன்னார். நான் சொல்றச்சே அங்கேன்னு ஆயிடும்."

"அந்த இங்கே எங்கே?"

"அதை அவர் சொல்லலையே. சொல்லாததை எப்படி ரிப்போர்ட் பண்றது?"

பியூன் உத்தேசமாக வைப்பின் தீவுக்குப் படகேறினார். மானேஜர் அன்று முழுவதும் வெலிங்டன் தீவில் காத்திருந்தார்.

இப்படிப்பட்டவரைத்தான் ஒரு மழைக்காலத் தொடக்கத்தில் தூது அனுப்ப வேண்டி வந்தது. ஔசேப்பு என்ற சுமைக்காரரின் தோளிலிருந்து ஒரு மூட்டைச் சுக்கு கிடங்கை ஒட்டிய காயலில் விழுந்துவிட்டது. மானேஜர் எல்லோர் முன்னாலும் திட்டினார். ஔசேப்பும் திருப்பித் திட்டினார். அந்த இடத்திலேயே வேலை போயிற்று. அவர் மனைவிக்கு அப்போது மாதம் நிறைந்திருந்தது. மறுநாள் யாரும் மூட்டையைத் தொடவில்லை. கப்பல் துறைமுகத்தில் காத்துக்கொண்டிருந்தது. சுமைக்காரர் சங்கத் தலைவர் வறீது மாடி ஏற மறுத்தார். மானேஜர் கீழே இறங்க மறுத்தார். நடுவில் போய்வர, சொந்தமாக எதையும் சேர்க்காத சாமியை இரண்டு பேரும் ஒப்புக்கொண்டார்கள்.

வறீது சொன்னது இது: "சாமி, மானேஜரோடு பறையணும். ஔசேப்பைத் திரிச்செடுத்தா ஞங்கள் சாக்கைத் தொடும். இல்லெங்கில் அவரோட மூக்கு முகத்தில காணாது."

சாமி மாடியேறினார். ஔசேப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டால் வேலை நடக்கும் என்று வறீது சொன்னதாகவும், அது முதல் இஃப் என்றும் தெரிவித்தார். பிறகு மானேஜரின் மூக்கைக் குறித்து அவர் ஆழ்ந்த உணர்ச்சி வெளியிட்டார் என்றார். உணர்ச்சி வாக்கியங்களில் வார்த்தைகளை அப்படியே சொல்ல விதியில்லை.

மானேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அவன் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருந்தா, நான் அப்பவே விட்டிருப்பேன். போய்ச் சொல்லுங்கோ."

சாமி நகரவில்லை.

"சார், இது மூணாவது இஃப் ஆக்கும். இதைக் கொண்டுபோனா கதவை அடைச்சதா அர்த்தம். கேட்டிருந்தா-வா, கேட்டா-வா?"

நாங்கள் எல்லோரும் தலையைக் குனிந்து எதையோ எழுதினோம். மானேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு ஒன்றும் இல்லை.

"கேட்டா," என்றார், மெதுவாக.

சாமி அந்த வயதிலும் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினார். செய்தியைக் கேட்டதும் ஔசேப்பு, தப்புப் பற்றிப்போச்சு என்று தனக்காக மானேஜரிடம் சொல்லிவிடும்படி சாமியைக் கேட்டார். சாமி மாட்டேன் என்றார்.

"நான் சொன்னா, வருந்தறேன்கறது அவர் வருந்தினார்னு ஆகும். வருத்தம் பழசாயிடும். இது ஒண்ணை நீரே வந்து சொல்லணும்."

கையைப் பிடித்து அழைத்து வந்தார். மானேஜர் முன்னால் ஔசேப்பு அதைச் சொன்னார். மானேஜர், "சரி, போய் சாக்கை எடு. வீட்டில எப்படி இருக்கா?" என்றார். மாலைக்குள் சரக்கு படகேறியது.

கம்பெனியில் இதை யாரும் பெரிதாகப் பாராட்டவில்லை. சாமியும் எதிர்பார்க்கவில்லை, அன்று பிற்பகலே என் கடிதத்தில் 'வுட்' வர வேண்டிய இடத்தில் 'வில்' வந்ததற்காகப் பக்கத்து மேஜைக்கெல்லாம் கேட்கும்படி சத்தம் போட்டார். அறுபதுகளின் நடுவில் ஓய்வு பெற்று ஊருக்குப் போனார்.

அதற்குப் பிறகு எத்தனையோ பேர் என் ஆங்கிலத்தைத் திருத்தியிருக்கிறார்கள். ஆனால் மழையில் நனைந்துகொண்டே படகுத்துறை வரை நடந்து போய் நான் வழியனுப்பியது அவர் ஒருவரைத்தான்.