அம்புக்குறி பிரித்த வீடு

அன்புத் தங்கைக்கு அண்ணன் ஆசியுடன் எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாம் நலம். அங்கே மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமென்று நம்புகிறேன். மூன்று வருஷமாக நீ பேசாததால் நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

விஷயம் இதுதான். அப்பாவின் உயில்படி வீட்டை நம் இருவர் பேருக்கும் பதிவு செய்ய ஆரம்பித்தேன். வரைபடத்தில் ‘அ’ பாகம் எனக்கு, ‘ஆ’ உனக்கு. படத்தில் மேலே இருக்கும் ‘அ’தான் வடக்குப் பாதி என்று அப்பா போனதுமே பிரித்தவன் நான். முப்பது வருஷம் பூகோளம் நடத்தியவனிடம் யார் குறுக்குக் கேள்வி கேட்பார்கள்? வடக்குப் பாதிக்குப் புதுக் கூரை போட்டேன், பாத்ரூமுக்கு டைல்ஸ் ஒட்டினேன், தெற்குப் பாதி ஒழுகுகிறது என்று நீ சொன்னபோது “உன் பங்கு, உன் பாடு” என்றேன், நீ பேச்சை நிறுத்தினாய். நேற்று அளக்க வந்த சர்வேயர், படத்தின் மூலையில் அப்பாவின் காபிக் கறைக்கு அடியில் ஓர் அம்புக்குறியைக் கண்டுபிடித்தார். அது கீழே பார்க்கிறது.

“வடக்கு கீழ இருக்கு சார். நீங்க டைல்ஸ் போட்டது உங்க தங்கச்சி பாத்ரூமுக்கு.”

“வடக்கு எப்பவும் மேலதாங்க இருக்கும்.”

“அது உங்க பள்ளிக்கூடத்துல சார்.”

உன் அண்ணி சிரித்த சிரிப்பில் அளவு நாடாவைக் கை நழுவவிட்டாள். மறுபடி முதலிலிருந்து அளந்தோம். அப்புறம் தெற்குப் பாதிக்குள் போய்ப் பார்த்தேன். அன்றைக்கு நீ மூன்று வாளி வைத்துவிட்டுப் போயிருக்கிறாய், மூன்றும் நிரம்பியிருந்தன. வெட்கமாக இருந்தது.

யோசித்துப் பார்த்தால், கூடப் பிறந்தவர்களுக்குள் என் பங்கென்ன, உன் பங்கென்ன? தானாடாவிட்டாலும் தன் தசையாடும். அந்தக் கூரையை இருவரும் சேர்ந்தே மாற்றிவிடுவோம். நீ வந்து கையெழுத்துப் போடாமல் பதிவு நடக்காது. மாப்பிள்ளைக்கு என் மரியாதை, பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் சர்வேயர் திரும்பி வந்தார். அந்த அம்பு வடக்கைக் காட்டுவதில்லையாம். சாக்கடை ஓடும் திசையாம். வடக்கு மேலேதான். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. மழைக்கு முன் உன் கூரையைக் கவனி.

இதைக் கிழித்துவிட்டு வேறு எழுதப் போனேன். உன் அண்ணி விடவில்லை. “தங்கச்சி கையெழுத்து வேணுமில்ல? அப்ப இந்தக் கடிதாசிதான் போகும். கடைசி வரிய மட்டும் மாத்துங்க” என்று பக்கத்திலேயே நிற்கிறாள்.

மாற்றுகிறேன்: உன் கூரைக்கு ஆள் சொல்லிவிட்டேன். நீ வா.