கேட்டை மூடக் கேட்ட மனு

ரயிலின் வாயை அடைத்தே தீருவது என்று ஒரு திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு முடிவெடுத்தேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. அதனால் எதிர்ப்பும் இல்லை.

நான் கன்னியப்பன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் முப்பத்தொரு வருஷம் இருந்துவிட்டு ஏப்ரலில் ரிட்டையர் ஆனேன். மனைவி பட்டம்மாள் அங்கேயே தையல் பிரிவு. அவளுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கிறது. மகள் சௌமியா ஓசூரில். காலை எட்டு மணிக்கு கம்பெனி வேன் பட்டம்மாளை ஏற்றிக்கொண்டு போனால், சாயங்காலம் ஆறரை வரை நானும் நாலு சுவரும்தான்.

அப்புறம் ஹாரன். எங்கள் தெருக்கோடியில் ரயில்வே கேட். எந்த வண்டி வந்தாலும் கேட்டுக்கு முன்னால் ஊதித்தான் போகும். வேலைக்குப் போன காலத்தில் இது காதில் விழுந்ததே இல்லை. இப்போது ஒன்று விடாமல் விழுந்தது. ஒரு பகலுக்கு நாற்பத்தாறு. பட்டம்மாள் செருப்பைக் கழற்றும்போதே, இன்றைக்கு ரெண்டு ஜாஸ்தி என்று சொல்லிவிடுவேன். பகல் பூராவும் நான் பேசுகிற முதல் வார்த்தை அதுதான்.

கேட்டை மூடிவிட்டுச் சுரங்கப்பாதை போட்டால் ஹாரனுக்கு வேலை இல்லை. மனு எழுதினேன். நூறு கையெழுத்து வாங்குவதாகத் திட்டம். பட்டம்மாள் மனுவைப் படித்துப் பார்த்து, நல்ல காரியம், வீடு வீடாக நீங்களே போங்க என்றாள். நான் கேட்காமலே அவள் ஒத்துக்கொண்டது கல்யாணமான நாளிலிருந்து அதுதான் முதல் தடவை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கேட்டுக்காகக் கேட்டேன், கேட்டேன், கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒருவரும் லேசில் கையெழுத்துப் போடவில்லை. தோல் மண்டி ஹபீப் பாய் உட்காரவைத்து டீ கொடுத்தார். மனுவை நிதானமாகப் படிக்க வேண்டும், நாளைக்கு வாங்க என்றார். மறுநாள் கண்ணாடியைக் காணோம் என்றார். எதிர் வீட்டு இருதயராஜ் ஒரு ஆட்டம் கேரம் ஆடிவிட்டுப் போடுவதாகச் சொன்னார். ஒன்பது நாள் ஆடினோம். டியூஷன் எடுக்கும் ஷஹீன் பானு வீட்டில் பிஸ்கெட்டும், கூடவே சௌமியாவைப் பற்றி விசாரணையும் நடந்தது. மகளைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டு எத்தனை நாளாயிற்று. மூன்று வாரத்தில் என் பேப்பரில் விழுந்தது நாலு கையெழுத்து. அதில் ஒன்று என்னுடையது.

நேற்று ஷஹீன் பானு ஏதோ அவசரத்தில் சட்டென்று கையெழுத்துப் போட்டுவிட்டார். போட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அய்யோ, அக்கா இன்னும் பத்து நாள் இழுக்கச் சொன்னாங்களே."

எந்த அக்கா என்று கேட்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

சாயங்காலம் வேன் வந்தது. பட்டம்மாள் உள்ளே வரும்வரை பொறுத்திருந்து கேட்டேன். அவள் மறைக்கவில்லை. முதல் வாரமே வேன் நிற்கும் இடத்தில் நின்று, ரெண்டே நாளில் இருநூறு கையெழுத்து வாங்கி ரயில்வேக்கு அனுப்பிவிட்டாளாம். அடுத்த மாதம் இடம் பார்க்க ஆள் வருவதாகப் பதிலும் வந்துவிட்டது. கடிதத்தை பீரோவிலிருந்து எடுத்து நீட்டினாள்.

"அப்ப நான் இன்னாத்துக்கு மூணு வாரமா தெருத்தெருவா சுத்துனேன்?"

அவள் பீரோவைச் சாத்தினாள்.

"ஆறு மணிக்கு மேல நான் வர்றதுக்குள்ள, நீங்க ரெண்டு தடவ வாசலுக்கு வந்து பாப்பீங்களாம். மேல் வீட்டு மெர்சி சொன்னா. எனக்குத் தையல் ஓடல."

ஆம்பளை என்றால் கோபப்பட வேண்டும் என்று நினைவு வந்தது. இனிமேல் இந்தத் தெருவில் ஒரு வீட்டுப் படி ஏறமாட்டேன், நாளையிலிருந்து வாசல் தாண்டமாட்டேன் என்றேன்.

"தாண்ட வேணாம்," என்றாள் பட்டம்மாள், முறத்தில் பூண்டைக் கொட்டி என் முன்னால் வைத்து. "நாளைக்கு மத்தியானம் ஹபீப் பாயும் இருதயராஜ் அண்ணனும் இங்கதான் சாப்பிடறாங்க. சமையல் நீங்கதான்னு சொல்லிட்டேன்."

நான் பூண்டு உரிக்க உட்கார்ந்தேன்.