தோட்டக்காரருக்கு ஒரு கோப்பை தேநீர்

கார் வாசலில் வந்து நின்றபோது முரியலின் கணவர் டெஸ்மண்ட் கிழிந்த ஸ்வெட்டரோடு ரோஜாப் பாத்திக்கு எருப் போட்டுக்கொண்டிருந்தார். கையெல்லாம் குதிரைச் சாணம்.

"குளிங்கன்னு காலையிலேருந்து கத்தறேன்," என்று முரியல் பல்லைக் கடித்தாள். அதற்குள் தொப்பி வைத்த டிரைவர் கதவைத் திறந்துவிட, திருமதி ஆஷ்கோம்ப் இறங்கிவிட்டாள்.

எங்கள் பர்லி ஊர் மலர்க்காட்சிக் குழுவின் தலைவி அவள். குழுவில் ஓர் இடம் காலி. அந்த இடத்தை நினைத்து நினைத்தே முரியலுக்குத் தூக்கம் கெட்டுப்போயிருந்தது. போதாததற்கு, டிரைவர் வைத்த கார் எங்கள் தெருவுக்குள் வருவது இதுதான் முதல் தடவை. எதிர்வீட்டுத் திரைச்சீலைகள் எல்லாம் அசைந்தன.

"தோட்டம் ஜோரா இருக்கே. இவர் உங்க தோட்டக்காரரா?"

இல்லை என்று சொல்லத்தான் முரியல் வாயைத் திறந்தாள். வந்ததென்னவோ, "ஆமாங்க. இந்தாப்பா டெஸ்மண்ட், அந்தப் பக்கமாப் போய் வேலையைப் பாரு."

டெஸ்மண்ட் மனைவியை ஏற இறங்கப் பார்த்தார். "சரிங்கம்மா," என்று நகர்ந்தார்.

உள்ளே வெள்ளரிக்காய் சாண்ட்விச் முதல் புதுக் கோப்பைகள் வரை எல்லாம் தயார். கணப்புக்கு மேலே கல்யாணப் போட்டோவும் இருந்தது. அதை ஒளித்து வைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

"உங்க கணவர் எங்கே?"

"லண்டன்ல பாங்க் மீட்டிங். சனிக்கிழமைகூட விடமாட்டேங்கறாங்க."

திருமதி ஆஷ்கோம்ப் போட்டோவை உற்றுப் பார்த்தாள். "அந்தத் தோட்டக்காரர் ஜாடை அப்படியே இருக்கே."

"அவன் இவருக்குச் சித்தப்பா பையன். குடிச்சுக் கெட்டுப்போயிட்டான். பாவமேன்னு வேலை குடுத்து வச்சிருக்கோம்."

"எவ்வளவு பெரிய மனசு உங்களுக்கு. சொந்தக்காரரை வெளியே நிக்க வைக்கலாமா? கூப்பிடுங்க, நம்மளோட டீ குடிக்கட்டும்."

டெஸ்மண்ட் வந்தார், சாணம் அப்பிய பூட்ஸோடு, புதுக் கம்பளத்தின் மேல். நேரே போய்த் தன் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேப்பரை விரித்தார்.

"வீட்டு மனுஷர் மாதிரியே பழகறாரே."

"இடம் குடுத்துட்டோம்," என்றாள் முரியல், பரிதாபமாக.

"குடியை விட்டுடக் கூடாதாப்பா?" என்று திருமதி ஆஷ்கோம்ப் அவரிடமே கேட்டாள்.

டெஸ்மண்ட் தலையை நிமிர்த்தினார். "யாரு குடிக்கிறது?"

"நீதாம்ப்பா," என்றாள் முரியல்.

"ஓ. ஆமாங்க. நிறையக் குடிப்பேன்." எழுந்துபோய் அலமாரியைத் திறந்து, கிறிஸ்துமஸுக்கென்று வைத்திருந்த ஷெர்ரியை ஊற்றிக்கொண்டார்.

முரியலுக்கு அழுகையே வந்துவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு.

ஆனால் திருமதி ஆஷ்கோம்ப் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேலைக்காரங்களை இப்படி நடத்தற குடும்பத்தை நான் பார்த்ததே இல்லை. குழுவில இடம் உங்களுக்குத்தான். அடுத்த சனிக்கிழமை எங்க வீட்டு விருந்துக்கு உங்க கணவரையும் கூட்டிக்கிட்டு வந்துடணும்."

முரியல் சிரித்தபடியே வெளிறிப்போனாள். "டெஸ்மண்ட், டிரைவருக்குக் கொஞ்சம் கேக் கொண்டுபோய்க் குடு. அங்கேயே இரு."

டிரைவர் கேக்கை ஆசையாக வாங்கிக்கொண்டார். டெஸ்மண்ட் காரில் சாய்ந்து நின்று பெருமூச்சு விட்டார்.

"உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. நான் தோட்டக்காரன் இல்லீங்க, அந்தம்மாவோட புருஷன். அடுத்த வாரம் விருந்துக்கு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வர்றதுன்னு தெரியலை."

டிரைவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"தாராளமா வாங்க. பரிமாற நான்தான் வருவேன், பார்த்துச் சிரிச்சிடாதீங்க. இன்னிக்கு டிரைவர், அன்னிக்குப் பரிமாறுறவன், மத்த நாள்ல, உள்ளே டீ குடிச்சிட்டிருக்காளே, அவளுக்குப் புருஷன்."