ஏஞ்சல் மீன்களும் ஏலத்தில் வந்த சர்வரும்

மீன் தொட்டியில் குமிழி கிளம்பும் சத்தம் கேட்டால் எனக்கு வலது தோள்பட்டை வலிக்கும். போன வாரம் பல் மருத்துவரின் அறையில் அப்படித்தான். மூலையில் குளுகுளுவென்று ஒரு கண்ணாடித் தொட்டி. நான் தோளைப் பிடித்துக்கொண்டு முனகினேன். ("நான் இன்னும் ஊசியே எடுக்கலியே சார்" என்றார் மருத்துவர்.) அவரிடம் சொல்ல முடியவில்லை. என் தோள்வலிக்கும் பல்லுக்கும் சம்பந்தமில்லை. நான் ஒருமுறை வீட்டுக்கு சர்வர் வாங்கினேன், அதனால் வந்த வலி அது.

பாகூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை. அதில் என் மனைவி விஜயா சிமெண்ட் தொட்டிகள் கட்டி அலங்கார மீன் வளர்க்கிறாள். அந்தத் தொட்டிகளில் ஒன்றில்தான் என் போன் விழுந்தது. மகள்கள் இருவரும் தவழ்ந்தது, விழுந்தது, பள்ளிக்கூடம் போக மாட்டேனென்று அழுதது எல்லாம் படங்களாக அதற்குள் இருந்தன. பாதியைத்தான் மீட்க முடிந்தது. அன்றே முடிவு செய்தேன்: இனி வீட்டிலேயே, எப்போதும் அணையாத ஒரு கம்ப்யூட்டர் இருக்க வேண்டும். எல்லோருடைய படங்களும் ஆறு ஏரிக்குப் போவதுபோலத் தாமாகவே அதில் போய்ச் சேர வேண்டும்.

வில்லியனூரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் அந்தோணி என் பள்ளிக்கூடத் தோழன். அவனிடம் யோசனை கேட்டேன்.

"எந்நேரமும் ஓடப் போற பொட்டிடா அது" என்றான். "வாங்குற வெலய மட்டும் பாக்காத, எவ்ளோ கரண்ட்டு இழுக்குதுன்னு பாரு. உங்க வூட்ல ஸ்கிரீன் ஒடஞ்ச லேப்டாப்பு ஒண்ணு கெடக்குதுல்ல? அதுல புது டிஸ்க்கு போட்டா போதும். டியூப்லைட்டு எரியுற கரண்ட்டு கூட ஆவாது."

"ஒடஞ்ச லேப்டாப்பா? நான் கேட்டது சர்வருடா."

"போட்டோ வெக்கத்தானே கேக்குற? இன்னா, ராக்கெட்டா வுடப் போற?"

எனக்கு மனது கேட்கவில்லை. உரைநடைக் கவிதை எழுதுகிறவனின் வாழ்நாள் படங்கள் உடைந்த லேப்டாப்பிலா? அதே ஊரில், கம்பெனிகளின் பழைய சாமான்களை ஏலம் எடுத்து விற்கும் கடைக்குப் போனேன். அங்கே அது படுத்துக் கிடந்தது. கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டு மேசையில் பாதி நீளம். முகமெல்லாம் பச்சை விளக்கு. புதிதாக வரும் கையடக்க சர்வர் பெட்டிகளைவிட விலையும் குறைவு.

"பெரிய கம்பெனில ஓடுனது சார். யானை மாதிரி" என்றார் கடைக்காரர்.

யானை என்ன தின்னும் என்று நான் கேட்கவில்லை.

பேருந்தில் அதற்கு ஒரு லக்கேஜ் டிக்கெட் எடுத்து, மடியில் பாதியும் பக்கத்துச் சீட்டுப் பெரியவர் மடியில் பாதியுமாக வீடு கொண்டுவந்தேன்.

"இன்னாங்க இது, பீரோவ படுக்கப் போட்ட மாதிரி?" என்றாள் விஜயா. "கரண்ட்டு எவ்ளோ குடிக்கும்?"

"ஒரு குண்டு பல்பு அளவு."

(எந்தக் கணக்கில் சொன்னேன்? தலைக்கு மேலே ஒரு குண்டு பல்பு தொங்கியது. அவ்வளவுதான் கணக்கு.)

பொத்தானை அழுத்தினேன். உள்ளே இருந்த விசிறிகள் ஒன்றுசேர்ந்து கிளம்பிய சத்தத்தில், எதிர் வீட்டு வாசலில் தூங்கிய நாய் எழுந்து அடுத்த தெருவுக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. அணையவே கூடாதல்லவா? அதனால் வயரை இன்வெர்ட்டர் லைனில் மாட்டினேன். அந்த இன்வெர்ட்டர் விஜயா தன் மீன்களுக்காக வாங்கியது. கரண்ட் போனாலும் தொட்டிகளுக்குக் காற்று விடும் பம்புகளை அதுதான் பகல் முழுக்க ஓட்டும்.

அந்த வாரமே மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாள் வந்தது. காலையில் போனால் மாலையில்தான் வரும். அதே நாள் மாலையில்தான் சென்னையிலிருந்து ஒரு மொத்த வியாபாரி வருவதாக இருந்தார். விஜயாவின் ஏஞ்சல் மீன் குஞ்சுகளுக்கு அதுவரை உள்ளூர்க் கடைகள்தான். "சரக்கு நல்லா இருந்தா மாசாமாசம் வண்டி அனுப்பறேம்மா" என்று அவர் சொன்ன நாளிலிருந்து அவள் அந்தக் குஞ்சுகளுக்கு ஊட்டாத குறைதான்.

பாக்கெட் போடப் பைகள் வாங்கக் கிளம்பியவள், "வேற எதும் பண்ண வேணாம். பம்ப்பு ஓடுதான்னு மட்டும் பாத்துக்குங்க" என்றாள்.

பார்த்தேன். ஓடியது. பிறகு சர்வருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். படங்கள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன. சின்னவளின் முதல் பல், பெரியவளின் மொட்டைத் தலை. அந்தப் பேரிரைச்சலுக்குள் எனக்கு ஒரு கவிதையும் வந்துகொண்டிருந்தது. இன்வெர்ட்டர் 'கீ, கீ' என்று எச்சரித்திருக்க வேண்டும். அந்த இரைச்சலில் கோயில் வெடி போட்டிருந்தாலும் கேட்டிருக்காது.

திடீரென்று எல்லாம் அடங்கியது.

என்ன ஒரு அமைதி! வயல் பக்கத்துக் கொக்கின் குரல்கூடக் கேட்டது. 'மௌனம் ஈரமாக இறங்குகிறது' என்று ஒரு வரி எழுதினேன். அடித்துவிட்டு, 'மௌனம் நீராக இறங்குகிறது' என்று திருத்தினேன். அந்த 'நீர்' என்ற சொல்லில் பேனா நின்றது. பின்னால் குமிழிச் சத்தத்தையும் காணோம்.

யானை இன்வெர்ட்டர் பேட்டரியை முழுக்கத் தின்று தீர்த்திருந்தது. ஓடினேன். தொட்டி தொட்டியாக, குஞ்சுகள் எல்லாம் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அதே நேரம் விஜயா பைகளோடு உள்ளே வந்தாள். தண்ணீரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வயரைத் தொடர்ந்து போய் சர்வரைப் பார்த்தாள்.

"அந்த மக்க எடுங்க."

குஞ்சுகள் உள்ளே வராதபடி மக்கின் வாயில் கொசுவலைத் துணியைக் கட்டினாள். மொண்டு, தூக்கி, உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும். விழும் தண்ணீரோடு காற்றும் இறங்கும். போன் செய்து பார்த்தால், வாடகை ஜெனரேட்டர்காரரோ ஏம்பலத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார்.

"யோவ், இன்னா கவிதையா எழுதற? வேகமா ஊத்துய்யா!"

ஒரு தொட்டி முடித்து அடுத்ததுக்குப் போவதற்குள் முதல் தொட்டி மறுபடி வாயைத் திறந்தது. என் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. அப்போதுதான், கவிதை உற்சாகத்தில் நான் போனில் சொல்லியிருந்த டீயை எடுத்துக்கொண்டு தெருமுனை டீக்கடை காதர் பாய் வந்தார்.

"இன்னா சார், மீனுக்குக் குளிப்பாட்டா?"

"மூச்சு முட்டுது பாய்" என்றாள் விஜயா. "ஒசரத்துலேருந்து ஊத்திக்கினே இருக்கணும். சாயங்காலம் வண்டி வருது."

பாய் டீயைச் சுவர்மேல் வைத்தார். சட்டைக் கையை மடித்தார். "தள்ளு சார். நீ ஊத்தறது மாட்டுக்குக் கழுநீர் ஊத்தற மாதிரி கீது. இந்தப் பாகூர்ல ஆத்தறதுன்னா யாருன்னு நெனச்ச?"

இரண்டு மக்குகள், இரண்டு கைகள். ஒரு கை கொட்டகைக் கூரையைத் தொட்டது, இன்னொரு கை தண்ணீர்மட்டத்தைத் தொட்டது. இடையில் தண்ணீர் ஒரு வெள்ளிக் கயிறாக நீண்டு, கீழே நுரைநுரையாய் வெடித்தது. தொட்டி விட்டுத் தொட்டி, உடம்பை வளைத்து வளைத்துப் போனார். நான் பார்த்த நாட்டியங்களில் அதற்கு ஈடில்லை. (பார்த்துக்கொண்டு நின்றதற்கும் திட்டு வாங்கினேன்.) கொஞ்சம் கொஞ்சமாகக் குஞ்சுகள் வாயை மூடிக்கொண்டு கீழே இறங்கின. சில இறங்கவில்லை. அவற்றை விஜயா தனியே எடுத்து வைத்தாள். அப்போது என் பக்கம் திரும்பவே இல்லை.

வியாபாரி வந்தார், டார்ச் அடித்துப் பார்த்தார், "நல்லா துறுதுறுன்னு இருக்குதேம்மா" என்று மிச்சத்தை எடுத்துக்கொண்டார். இன்றும் மாதாமாதம் வண்டி வருகிறது.

உடைந்த லேப்டாப்தான் இப்போது எங்கள் சர்வர். புது டிஸ்க்கோடு, சத்தமே இல்லாமல், அலமாரியில் இருக்கிறது. கரண்ட் போனால் தன் சொந்த பேட்டரியில் ஓடிக்கொள்கிறது. மீன்களின் இன்வெர்ட்டரோடு அதற்கு எந்த உறவும் இல்லை. ஏல யானையின் இரும்பு மூடி ஒரு தொட்டியை மூடியிருக்கிறது. பூனையால் அதை அசைக்க முடியவில்லை. வீட்டுக்கு மிக்ஸி வாங்கினாலும் ஃபேன் வாங்கினாலும் மகள்கள் இருவரும் ஒரே குரலில், "குண்டு பல்பு அளவுதானேப்பா?" என்கிறார்கள்.

அன்று வியாபாரியின் வண்டி திரும்பிய பிறகு, ஆறிப்போன டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு காதர் பாய் கிளம்பினார். விஜயா வாசல்வரை கூடவே போனாள். கையெடுத்துக் கும்பிட்டாள். பாய் தோளைத் தேய்த்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார்.

"வுடு தங்கச்சி. இத்தினி வருசமா ஆத்தறேன். சக்கர பத்தல, சூடு பத்தலன்னு ஒரு கொற சொல்லாம குடிச்சது இதுங்க மட்டுந்தான்."